கட்டடம் பேசுமா?

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

நாசரேத்! இந்தப் பெயரைச் சொன்னதும் வெளியூர் மாணவியர் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி, "அது இஸ்ரேல் நாட்டில் அல்லவா இருக்கிறது?" என்பதுதான். இல்லை அம்மா, திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் இரயில் பாதையில் இருக்கிறது. பனையும் செம்மண் தேரியும் சூழ்ந்த ஊர். மிஷனெரிமார் தங்கள் வேதப்புத்தகத்திலிருந்து எடுத்து வைத்த பெயர் என்று விடை சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. 1876ஆம் ஆண்டு இங்கு வந்த மர்காசிஸ் ஐயர், 1908இல் கண்மூடும்வரை இங்கேயே தங்கிப் பள்ளிகளையும் தொழிற்பள்ளியையும் வளர்த்து "நாசரேத்தின் தந்தை" ஆனார். எங்கள் ஊர்ப் பெயருக்குப் பின்னால் அதற்குமேல் ஒரு வரலாறு உண்டென்று நான் எண்ணியதே இல்லை.

இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் அடுத்த தெருப் பெரியவர்களைப் போன்றவர்கள். எரிகோவின் மதில் விழுந்த கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டுக் கைதட்டியிருக்கிறோம். எங்கள் தெருவில் மட்டும் சாராள் என்ற பெயருடையோர் நால்வர். சீயோனைப் பற்றியும் எருசலேமைப் பற்றியும் பாடாத ஞாயிறு இல்லை. ஆனால் யூதர் என்போர் யார்? அவர்கள் வேதப்புத்தகத்தின் தாள்களுக்குள் குடியிருப்பவர்கள். பெரிய வெள்ளிக்கிழமையன்று மட்டும் வெளியே வந்து, பிலாத்துவின் முற்றத்தில் கூச்சலிட்டுவிட்டு, மறுபடியும் தாள்களுக்குள் போய்விடுவார்கள். அவர்களும் வீடு கட்டி, பெண் கொடுத்து, மீன் வாங்கி, மழைக்காலத்தில் கூரை ஒழுகுவதைப் பற்றிக் கவலைப்பட்டு வாழ்ந்த மக்கள் என்ற எண்ணம் எனக்குச் சென்ற ஆண்டுவரை ஒருநாளும் தோன்றியதில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் வரலாற்றுத் துறையினர் கல்விச் சுற்றுலாவாகக் கேரளத்துக்கு அழைத்துச் சென்றனர். பறவூர், சேந்தமங்கலம், மட்டாஞ்சேரி ஆகிய மூன்றிடங்களில் உள்ள யூதர் தொழுகைக் கூடங்களைக் காண்பது என்று ஏற்பாடு. அவற்றுள் முன்னிரண்டும் இன்று அருங்காட்சியகங்கள். புறப்படுவதற்கு முந்திய வாரம் எங்கள் பேராசிரியை வகுப்பில் பெர்லின் நகரத்து யூத அருங்காட்சியகத்தின் படங்களைத் திரையிட்டுக் காட்டினார். "கட்டடம் பேசுமா? போய்ப் பார்த்து வந்து எழுதுங்கள்" என்றார். அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் பெர்லினைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கட்டிய சிற்பி டானியல் லீபெஸ்கிண்ட், 1946இல் போலந்து நாட்டு லோட்ஸ் நகரில் பிறந்தவர். இட்லரின் படுகொலையிலிருந்து தப்பிப் பிழைத்த பெற்றோரின் மகன். 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த மாளிகை, வானத்திலிருந்து பார்த்தால் முறிந்து மடங்கிய மின்னல்கீற்றைப் போலிருக்கிறது. வெளிச்சுவர் முழுவதும் துத்தநாகத் தகடு. சன்னல்கள் சன்னல்களாக இல்லை. கத்தியால் கீறியவை போன்ற வெட்டுகள். தெருவிலிருந்து நேரே நுழைய அதற்கென்று ஒரு வாசல் கிடையாது. பக்கத்திலுள்ள பழைய நீதிமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்து, படியிறங்கி, நிலத்துக்கடியில்தான் போகவேண்டும். அங்கே மூன்று பாதைகள் பிரிகின்றன. ஒன்று வாழ்வின் தொடர்ச்சி, ஒன்று நாடு கடந்து போதல், ஒன்று படுகொலை.

படுகொலையின் பாதை ஒரு கோபுரத்துக்குள் போய் முடிகிறது. இருபத்துநான்கு மீட்டர் உயரமுள்ள வெறும் கான்கிரீட் கோபுரம். விளக்கில்லை, குளிருக்கு வெப்பமில்லை. உச்சியருகே ஒரு பிளவு வழியாக மட்டும் ஒளி இறங்குகிறது; வெளித்தெருவின் ஓசை எங்கோ கேட்கிறது. நாடு கடந்தோரின் பாதை ஒரு தோட்டத்தில் முடிகிறது. நாற்பத்தொன்பது தூண்கள் நிற்கும் அத்தோட்டத்தின் தரை வேண்டுமென்றே சாய்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. நடப்பவருக்குத் தலை சுற்றும். கட்டடத்தின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒன்றுமில்லாத வெற்றிடங்களையும் விட்டிருக்கிறார்கள். இருந்திருக்க வேண்டியவர்கள் இல்லை என்பதைக் காட்டத்தான் அவை. அவற்றுள் ஒன்றன் தரையில் வட்ட வட்டமாக இரும்பில் வெட்டிய முகங்கள் கிடக்கின்றன, பத்தாயிரத்துக்கும் மேல். மெனாசே கடிஷ்மன் என்ற கலைஞர் செய்தவை. பார்க்க வருவோர் அம்முகங்களின் மேல்தான் மிதித்து நடக்கவேண்டும். மிதிக்கும்போது இரும்போடு இரும்பு மோதி ஓசை எழுமாம். படத்தில் பார்த்தபோதே வகுப்பில் பேச்சு நின்றுவிட்டது.

இவ்வளவையும் மனத்தில் சுமந்துகொண்டு பறவூரில் போய் இறங்கியபோது எங்களில் பலருக்கு ஏமாற்றம்! "இவ்வளவுதானா? நம்மூர்ப் பண்ணையார் வீடு மாதிரி இருக்கிறதே" என்றாள் என் தோழி. அவள் சொன்னதில் பிழையில்லை. தெருவோரத்தில் ஓட்டுக்கூரையோடு ஒரு வாயிற்கட்டு. அதைத் தாண்டித் திறந்த முற்றம். பிறகு தூண்கள் இருபுறமும் நிற்கும் நீண்ட நடை. அதன் முடிவில் ஒரு முன்னறை. அசாரா என்பது அதன் பெயர். அதற்கும் அப்பால்தான் தொழுகைக் கூடம். வெள்ளைச் சுவர், மரச்சட்டம், சரிந்த ஓடு. கல்வெட்டின்படி 1616இல் கட்டப்பட்டது. முசிறி மரபுத் திட்டத்தின் கீழ்க் கேரள அரசு பழுதுபார்த்துக் யூதர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறது.

ஆனால் நடந்து பார்க்கவேண்டும், ஐயா! வாயிற்கட்டில் நுழைந்தவன் உடனே உள்ளே போய்விட முடியாது. முற்றத்து வெயில், நடையின் நிழல், முன்னறையின் இருள், பிறகு கூடத்தின் வெளிச்சம். தெருவில் மிளகு விலை பேசிக்கொண்டிருந்தவன் அத்தனை அடி நடந்து முடிப்பதற்குள் அந்தப் பேச்சை மறந்திருப்பான். நம் கோயில்களில் கோபுர வாசலிலிருந்து கருவறைவரை நடக்கும் நடையும் இதுதானே? கேரளத் தச்சன் தனக்குத் தெரிந்ததைக் கட்டினான். யூதன் தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பெற்றான். எந்தச் சிற்பியும் உட்கார்ந்து தத்துவம் எழுதவில்லை.

கூடத்தின் நடுவே வேதம் வாசிக்கும் மேடை. எருசலேமை நோக்கிய மேற்குப் பக்கத்தில் வேதச்சுருள்களை வைக்கும் பேழை. இப்போது பறவூரில் காண்பது நகல். உண்மையான பேழை கடல் கடந்து போய், எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில், கொச்சியிலிருந்து பெயர்த்துக்கொண்டு போன கடவும்பாகம் பள்ளியின் உட்புறத்தோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. எருசலேமை நோக்கி நின்ற பேழை எருசலேமுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே அது எந்தத் திசையை நோக்கி நிற்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தேன்.

நானும் தோழியும் பெண்களுக்கென்று அமைந்த மாடத்துக்கு ஏறினோம். பெண்கள் ஏறத் தனிப் படிக்கட்டு. மேலே மரச்சட்டத் தடுப்பு; அதன் துளைகளின் வழியே கீழே பார்க்கலாம், கீழிருப்பவர் நம்மைப் பார்க்க முடியாது. கேரளத்துப் பள்ளிகளில் உலகில் வேறெங்கும் காணாத ஒரு புதுமை உண்டு. வேதம் வாசிக்கும் மேடை கீழே ஒன்று இருக்க, மாடியில் பெண்கள் பகுதிக்கு முன்னால் இரண்டாவது மேடையும் ஒன்று. ஓய்வுநாளிலும் திருநாளிலும் வேதச்சுருளை மேலே கொண்டுவந்து அங்கே வாசிப்பார்கள். தடுப்புக்கு அப்பால் கையெட்டும் தொலைவில் வேதம்! ஆனாலும் வாசிப்பவன் ஆண்தான். தொழுகை நடக்கப் பத்து ஆண்கள் கூடவேண்டும் என்பது அவர்கள் விதி. மாடியில் நூறு பெண்கள் இருந்தாலும் கணக்கில் சேராது.

கணக்கில் சேராத அப்பெண்கள் வாளாவிருக்கவில்லை. மலையாளத்தில் பாட்டுக் கட்டினார்கள். திருமணத்துக்கு, திருநாளுக்கு, தங்கள் பள்ளி கட்டப்பட்ட கதைக்கு என்று கட்டிய பாட்டுகளைக் கையெழுத்து நோட்டுகளில் எழுதி, தாய் மகளுக்கும் மகள் பேத்திக்குமாகக் கொடுத்து வந்தார்கள். ஸ்கறியா சக்கறியாவும் ஒஃபீரா கம்லியேலும் அவற்றைத் தொகுத்து 2005இல் "கார்குழலி" என்ற பெயரில் வெளியிட்டனர். பெயரைக் கேட்டதும் நமக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

சேந்தமங்கலத்தில் பள்ளியைவிட அதன் முற்றத்தில் நடப்பட்டிருக்கும் ஒரு கல்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. கறுத்துப்போன கல்லறைக் கல். மேலே எபிரேய எழுத்துகள். இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லெழுத்துகளில் மிகப் பழையது என்கிறார்கள். ஆண்டு 1269. அதாவது மதுரையில் பாண்டியர் ஆண்ட காலம். கல் யாருக்கு நடப்பட்டது? இஸ்ரவேலின் மகள் சாராளுக்கு.

சாராள்! எங்கள் தெருவின் நான்கு சாராள்களும் என் கண்முன் வந்தார்கள். வேதப்புத்தகத்தின் தாள்களிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து இந்தப் பெரியாற்றுக் கரையில் வாழ்ந்து, இறந்து, மண்ணாகிப் போயிருக்கிறாள். கூச்சலிட்ட கூட்டத்தில் இல்லாத யூதப் பெண் ஒருத்தியின் பெயரை என் வாழ்நாளில் முதன்முதலாக அங்கேதான் படித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. யூதர்க்கும் நமக்கும் உள்ள உறவு மிஷனெரிமார் கப்பலேறி வருவதற்கு வெகுகாலம் முந்தியது. எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், சாலொமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த மயில்களைக் குறிக்கும் "துக்கி" என்ற எபிரேயச் சொல் நம் "தோகை"யே என்று காட்டினார். ஐயுற்றவர்களும் உண்டு. ஆயினும் அகநானூற்றுப் புலவர் கண்ட முசிறித் துறை இந்தப் பறவூரின் பக்கத்தில்தான் எங்கோ மண்ணுக்கடியில் இருக்கிறது என்று எண்ணும்போது, மேலைக்கடல் மரக்கலங்களில் யூத வணிகன் ஒருவன் வந்திறங்கியிருக்க மாட்டானா என்று மனம் கேட்கத்தான் செய்கிறது.

மனத்தின் கேள்வியை விட்டுச் செப்பேட்டின் சான்றுக்கு வருவோம். கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டிச் சேரமன்னன் பாஸ்கர இரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு அளித்த செப்பேடுகள் இன்றும் மட்டாஞ்சேரியில் காக்கப்படுகின்றன. எழுத்து வட்டெழுத்து, மொழியைத் தமிழ் என்பதா மலையாளம் என்பதா என்று அறிஞர்கள் வழக்காடட்டும். செப்பேட்டில் அவன் பெயர் "ஈசுப்பு இரப்பான்". அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையும், எழுபத்திரண்டு சிறப்புரிமைகளும் அவனுக்கு வழங்கப்பட்டன. பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காளம், தோரணம்! பாவாடை என்றதும் நாங்கள் சிரித்துவிட்டோம். நடந்து செல்ல விரிக்கும் துணி அது என்று பேராசிரியை விளக்கினார். வந்தேறி ஒருவனுக்கு விரிப்பு விரித்துப் பட்டப்பகலில் விளக்குப் பிடித்த மண் இது.

மட்டாஞ்சேரிப் பள்ளி 1568இல் எழுந்தது. "பரதேசிப் பள்ளி" என்பது அதன் பெயர். நம் வாயில் அது வசைச்சொல். அங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பதுதான் பொருள். கொச்சி அரசர் தம் அரண்மனைக்கும் கோயிலுக்கும் ஒட்டினாற்போல் இடம் கொடுத்தார். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். பிற நாட்டு யூதர் பலரிடம் இல்லாத இவ்வழக்கம் மலையாள மண் கற்றுக்கொடுத்தது. பாதத்தின் கீழே சீனத்துக் காண்டனிலிருந்து வந்த நீலவண்ணத் தளக்கற்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, ஒன்றைப்போல் ஒன்று இல்லை என்பார்கள். தலைக்கு மேலே பெல்ஜியத்துக் கண்ணாடி விளக்குகள். 1968இல் இப்பள்ளியின் நானூறாவது ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி அம்மையார் வந்திருக்கிறார். அஞ்சல் தலையும் வெளியிட்டார்கள்.

எங்களோடு வந்த வழிகாட்டி பெருமிதத்தோடு சொன்னார்: "உலகெங்கும் துரத்தப்பட்ட யூதர் துன்புறுத்தப்படாத ஒரே நாடு நம் நாடு." எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். பிறகுதான் யோசித்தேன். 1662இல் இதே பள்ளியைச் சூறையாடித் தீயிட்டவர்கள் போர்ச்சுக்கீசியர். 1530களில் எங்கள் முத்துக்குளித்துறைப் பரதவர் தலைவர்கள் ஞானஸ்நானம் பெறப் போனது அதே கொச்சிக்கு, அதே போர்ச்சுக்கீசியரிடம். ஒரு கடற்கரைக்குச் சிலுவையைக் கொடுத்த கை, மற்றொரு கடற்கரையில் வேதச்சுருளைக் கொளுத்தியது. உள்நாட்டு அரசர்கள் யூதரைக் காத்தார்கள் என்பது முழு உண்மை. ஆனால் கதை அதோடு முடிந்துவிடவில்லை.

முடியாத அந்தக் கதை, அதே பள்ளியின் முன்னறையில் இருக்கிறது. யாரும் நின்று பார்க்காமல் கடந்து போகும் அறை. பரதேசி யூதருக்குள் ஒரு பிரிவினர்க்கு "மெஷுக்ராரிம்" என்று பெயர். அடிமைநிலையிலிருந்து விடுதலை பெற்றோர் என்பது அந்த எபிரேயச் சொல்லின் பொருள். அவர்களும் அவர்கள் வழிவந்தோரும் உள்ளே மற்றவர்களோடு சமமாக உட்காரலாகாது. முன்னறையில்தான் இடம். வேதம் வாசிக்க அழைப்பு இல்லை. செத்தால் அந்த இடுகாட்டில் இடமும் இல்லை. விடுதலை பெற்றோர் என்று பெயர். அந்த விடுதலை கூடத்தின் வாசற்படி வரைதான்! மலபார் யூதர் என்ற பழங்குடி மக்களையும் "கறுப்பு யூதர்" என்று விலக்கி வைத்தார்கள். உலகமெல்லாம் ஒதுக்கப்பட்டு ஓடிவந்தவர்கள், வந்த இடத்தில் ஒதுக்குவதற்கு ஆள் தேடிக்கொண்டார்கள். பகல்விளக்கும் பாவாடையும் கொடுத்த நம் மண், இந்தப் பாடத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுத்திருக்கிறது.

அந்த முன்னறையிலிருந்து எழுந்தவர்தான் ஏ. பி. சேலம். 1882இல் பிறந்தவர். நம் சென்னையில் படித்துப் பட்டம் பெற்று வழக்கறிஞரானார். கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராயிருந்தார். 1929இல் லாகூர் காங்கிரசுக்குப் போய் வந்தார். காந்தியடிகள் அந்நியருக்கெதிராக எடுத்த ஆயுதத்தை இவர் தம் சொந்தத் தொழுகைக் கூடத்துக்குள் எடுத்தார். பள்ளியைப் புறக்கணித்தார், பிறகு உட்காரக்கூடாத இடத்தில் போய் உட்கார்ந்தார். தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. யூதக் காந்தி என்று அவரைச் சொன்னார்கள். 1967இல் மறைந்தார். பள்ளிக்குப் போகும் தெருப்பக்கம் அவர் பெயரைத் தாங்கிய சாலையும் இருக்கிறது. எங்கள் வகுப்பில் பலர் அந்தப் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு நம் சேலம் நகரத்தை நினைத்துக்கொண்டார்கள்.

அந்த முன்னறையில் நின்றபோது எனக்கு என் ஆச்சியின் நினைவு வந்தது. ஆச்சி சிறுமியாயிருந்த காலத்தில், ஊர்ப்பெயர் வேண்டாம், ஒரு கிராமத்துக் கோயிலில் அவள் வீட்டாருக்கு மேற்கு வாசல் ஓரத்தில் பாய் விரித்திருக்கும். மற்றவர்களுக்கு முன்னால் பெஞ்சு. இராப்போஜனத்துக்கும் கடைசியில்தான் போகவேண்டும். பிற்காலத்தில் பாயும் போயிற்று. அந்த வழக்கமும் போயிற்று என்றே சொல்லுகிறார்கள். கல்யாணமாகி நாசரேத்துக்கு வந்த ஆச்சிக்கு இங்கே பாய் விரித்தவர் எவருமில்லை. ஆனாலும் அறுபது ஆண்டுகளாக அவள் மேற்கு வாசலைத் தாண்டி மூன்றாவது பெஞ்சுக்கு மேல் போனதில்லை. சிறுமியாயிருந்தபோது கேட்டிருக்கிறேன். "இங்கனதான் காத்து வரும்" என்பாள்.

நம் மாவட்டப் பக்கத்திலேயே இன்னும் வெளிப்படையாகப் பேசும் கட்டடம் ஒன்று இருக்கிறது. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்க ஆலயம். இரண்டு நீண்ட கூடங்கள் இரு கால்களைப்போல் பிரிந்து நின்று பீடத்தருகே கூடுகின்றன. கால்சட்டைக் கோயில் என்று கேலி பேசியவர்கள் உண்டு. ஏன் அப்படிக் கட்டினார்கள்? ஒரு சாதியார் மறுசாதியாரைப் பார்க்காமலே ஒரே பூசையைக் காண்பதற்கு! நடுவே சுவரும் இருந்தது. 1910இல் கௌசானல் அடிகளார் அச்சுவரை இடித்தார். வழக்குத் தொடுத்தார்கள், இடித்தவர் பக்கமே தீர்ப்பாயிற்று. சுவர் போய்விட்டது, ஆனால் கால்சட்டையின் இரண்டு கால்களையும் ஒன்றாகத் தைக்க யாராலும் முடியவில்லை.

பெர்லின் சிற்பி பேச வைத்ததால் அவர் கட்டடம் பேசுகிறது. மேடையேறிய நாவலரைப் போல, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும் என்பதறிந்து பேசுகிறது. அதில் எனக்குக் குறையில்லை. அறுபது இலட்சம் பேர் கொல்லப்பட்டதைச் சொல்ல மெல்லிய குரல் போதாது. ஆனால் பறவூரும் மட்டாஞ்சேரியும் வடக்கன்குளமும் அப்படிப் பேசுபவை அல்ல. அவற்றைக் கட்டியவர்கள் எதையும் உணர்த்த நினைக்கவில்லை. அன்றாட வழக்கத்துக்கு ஏற்றபடி வாசல் வைத்தார்கள், தடுப்பு வைத்தார்கள், முன்னறை வைத்தார்கள். அதனாலேயே அவை சாட்சி சொல்லுகின்றன. சொற்பொழிவாளனைவிடச் சாட்சியைத்தான் நீதிமன்றம் நம்பும்.

ஆகையால் என் கருத்து இது. இத்தகைய கட்டடங்களை அருங்காட்சியகமாக்கும்போது பேழையையும் விளக்கையும் நீலக்கல்லையும் மட்டும் காட்டிப் பெருமைப்படக்கூடாது. இந்த முன்னறையில் இன்னார் நிறுத்தப்பட்டார்கள், இன்னார் உள்ளே போய் உட்கார்ந்தார் என்று அதே இடத்தில் எழுதி வைக்க வேண்டும். நம் ஊர்க் கோயில்களிலும் எங்கே கயிறு கட்டியிருந்தது, எங்கே பாய் விரித்திருந்தது, எந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் இருந்தது, எதற்கு நடுவே இன்னும் இருக்கிறது என்று முதியோர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பழம்புண்ணைக் கிளறாதே என்பார்கள் சிலர். ஆறிய புண்ணாயிருந்தால் தொட்டால் வலிக்காது.

யூதர்கள் எங்கே என்று கேட்பீர்கள். 1948இல் இஸ்ரேல் நாடு உருவானது. சில ஆண்டுகளுக்குள், பெரும்பாலும் 1953 முதல் 1955 வரையில், சுமார் 2,400 பேர் கொண்ட அச்சமூகத்தில் மிகப் பலர் வீட்டையும் தோப்பையும் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். பாலைவன ஓரத்தில் நெவாதிம் போன்ற குடியிருப்புகளில் வேளாண்மை செய்தார்கள். அவர்களை யாரும் துரத்தவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தொழுகையில் சொல்லிவந்த ஊருக்குப் போனார்கள். பெர்லினில் வெற்றிடத்தைச் சுவரெழுப்பி உண்டாக்க வேண்டியிருந்தது. பறவூரில் பத்தாவது ஆண் வண்டியேறிய அன்றே அது உண்டாகிவிட்டது.

ஊர் திரும்பியதும் ஆச்சியிடம் கைபேசியில் படங்களைக் காட்டினேன். நீலக்கல்லைப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கே, வழுக்காதா?" என்றாள். சாராளின் கல்லைக் காட்டி விவரம் சொன்னேன்.

"சாகும்போது அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"வயசு எனக்குத் தெரியலை ஆச்சி. 1269ன்னு வருசம் சொன்னாங்க."

"பாவம். பேர் வச்சவங்க நல்ல பேரா வச்சிருக்காங்க."

பிறகு முன்னறையைப் பற்றியும் சேலம் வக்கீலைப் பற்றியும் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டவள், மடிப்பதை நிறுத்தினாள்.

"அங்கயும் பாய்தானாட்டி?"

"பாய் இல்லை ஆச்சி. வாசலறை."

"அந்த வக்கீலு உள்ள போய் உக்காந்தாரா?"

"உக்காந்தார்."

"யாரும் எந்திரிச்சுப் போகலையா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆச்சி வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். மேற்கு வாசலில் நுழைந்ததும் கையைப் பிடித்து மெல்ல முன்னால் இழுத்தேன். இரண்டு மூன்று பெஞ்சு தாண்டி வந்தாள். மேலே விசிறி ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது. "இங்கன காத்து வராதுட்டி" என்று சொல்லித் திரும்பிப் போய்த் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று வாசித்த பாடம் பழைய ஏற்பாட்டில் யாத்திராகமம்.